செய்தியின் ஊற்றுக்கண்

தொண்டை நாட்டின் பழம்பதிகளுள் ஒன்று திருப்பெரும்பூதூர். மக்கள் வழக்கில் அது ஸ்ரீபெரும்புதூர் என வழங்கும். வைணவ ஆசிரியராகிய இராமாநுசர் பிறந்த ஊர் என்னும் பெருமை அதற்கு உண்டு. அவர் திருக்கோட்டியூர் நம்பியைப் பதினெட்டு முறை நாடிச் சென்று திருமந்திரத்தின் பொருளைக் கேட்டறிந்தார் என்றும், பிறர்க்கு உரைத்தல் ஆகாது என்ற ஆணையைக் கடந்து எல்லோரும் கேட்க அதனை எடுத்துரைத்தார் என்றும், தமக்கு நரகம் வாய்ப்பினும் பலர் உய்வராயின் அதுவே அமையும் என்று கருதினார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். மறைத்து வைக்கப்பட்ட ஒன்றைப் பிறர் நலம் கருதி வெளியிடுவோர், அதனால் தமக்கு வரும் துன்பத்தையும் ஏற்க நேரிடும் என்பது அவ்வரலாறு உணர்த்தும் பொருள்களுள் ஒன்றாகும்.

ஏரியும் வயலும் சூழ்ந்திருந்த அப்பகுதி இன்று தொழிற்கூடங்கள் நிறைந்த நெடுவழியாக விளங்குகின்றது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-ஆம் ஆண்டு முதல் கார்கள் உருவாகி வருகின்றன. ஒரகடத்தில் 2010-ஆம் ஆண்டு முதல் கார்களும், அதன்பின் சரக்கு லாரிகளும் மோட்டார் சைக்கிள்களும் உருவாயின. சுங்குவார்சத்திரத்தை அடுத்த ஆலையில் கைப்பேசிகள் இணைக்கப்படுகின்றன. வெளி மாவட்டங்களினின்றும் வந்த இளைஞரும் இளம்பெண்களும் பல்லாயிரவர் விடுதிகளில் தங்கி, மூன்று முறைகளிலும் வேலை செய்கின்றனர். அவர்கள் உண்ணும் உணவு எத்தகையது, உறங்கும் இடம் எத்தகையது, எந்திரங்களின் நடுவே அவர்க்குள்ள பாதுகாப்பு எத்தகையது என்பவற்றை மதிலுக்கு வெளியே உள்ளவர் அறிய வழி யாது? உள்ளே இருப்பவர் வாய் திறந்து சொன்னாலன்றி அறிய இயலாது. சொன்னவர் இன்னார் என்பது தெரிந்தால் அவருடைய பிழைப்புக்கே கேடு வரக்கூடும். ஆதலின், பெயரை வெளியிடாதிருப்பதாக உறுதி கூறிச் செய்தி பெற்ற ஒரு செய்தியாளர் அவ்வுறுதியைக் காத்து நிற்பதற்குச் சட்டம் துணை செய்தல் வேண்டுமா என்பது ஆராய்தற்குரிய வினாவாகும்.

பெயர் கூறாத அறுவர்

2021-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று இவ்வினாவின் அருமையைக் காட்டும். ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் கைப்பேசி ஆலையில் வேலை செய்த பெண்கள் பூந்தமல்லிக்கு அருகே ஒரு விடுதியில் தங்கியிருந்தனர். டிசம்பர் 15-ஆம் நாள் அவ்விடுதியில் உணவு நஞ்சாகிப் பலர் நோயுற்றனர். 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அடுத்த சில நாட்களில் தொழிலாளர் பெருந்திரளாக வந்து சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். சுமார் 17,000 பேர் வேலை செய்த அவ்வாலை மூடப்பட்டது.

அந்நாளில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தார் அவ்வாலையில் வேலை செய்த ஆறு பெண்களைக் கண்டு பேசினர். ஒரே அறையில் ஆறு பேர் முதல் முப்பது பேர் வரை தரையில் படுத்து உறங்கிய நிலையை அவர்கள் எடுத்துரைத்தனர். வேலையிடத்திலும் காவல்துறையினராலும் துன்பம் நேரும் என்று அஞ்சி, அறுவருமே தம் பெயரை வெளியிட வேண்டா என்று கேட்டுக்கொண்டனர். அவர்களுடைய பெயர்கள் அச்சேறவில்லை. அவர்கள் சொன்ன செய்தி மட்டும் உலகெங்கும் பரவியது. விடுதிகளும் உணவுக்கூடங்களும் சில தமது விதிகளுக்கு ஒத்தனவாக இல்லை என்று ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டு, அவ்வாலையைத் தன் கண்காணிப்பின்கீழ் வைத்தது. திருத்தங்கள் தொடங்கியபின், 2022 சனவரி 12-ஆம் நாள் ஆலை மீண்டும் திறக்கப்பட்டது. நெடுஞ்சாலையில் திரண்ட பெருங்கூட்டமும், பெயர் கூறாத அறுவர் உரைத்த சொற்களும் சேர்ந்தே இம்மாற்றத்திற்கு வழி வகுத்தன எனலாம்.

மெய்ச் செய்தியும் வதந்தியும்

அதே நாட்களில் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. நோயுற்ற பெண்களுள் சிலர் இறந்துவிட்டனர் என்று கைப்பேசிகளின் வழியே ஒரு செய்தி பரவிற்று. அது பொய் என்பதை அதிகாரிகள் எடுத்துக்காட்டினர். எனினும், அதற்குள் அச்சமும் சினமும் பல மடங்கு பெருகிவிட்டன. அதனைச் சொன்னவர் யார் என்பதும் ஒருவருக்கும் தெரியாது. அங்ஙனமாயின், பெயரில்லாச் சொல் அனைத்தும் ஒரே தன்மையுடையதுதானா என்னும் ஐயம் எழுதல் இயல்பு.

இரண்டிற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. வதந்தியைச் சொன்னவரை எவரும் அறியார். அதற்குப் பொறுப்பேற்பாரும் இலர். இரகசியமாகச் செய்தி தந்தவரையோ செய்தியாளர் அறிவார். அவரை நேரிற் கண்டு, அவர் கூறியதைப் பிறர் கூற்றோடும் ஆவணங்களோடும் ஒத்துப் பார்த்த பின்னரே வெளியிடுவார். வெளியிட்ட செய்தியின்மேல் இதழின் பெயர் உண்டு. ஆசிரியரின் பெயர் உண்டு. பொய்யாயின் வழக்குத் தொடுக்கலாம், தண்டிக்கலாம். சொன்னவரின் பெயருக்கு ஈடாகச் செய்தியாளர் தம் பெயரையே பிணையாக வைக்கின்றார். ஆகவே, நேர்மையான வழியில் இரகசியமாகப் பேச இடமில்லாத ஊரில் வதந்தி செழித்து வளரும் என்பது தெளிவு.

பெயர் வெளிப்பட்டால் நேர்வது

சென்னையையும் பெங்களூரையும் இணைத்துத் திருப்பெரும்பூதூர் வழியே செல்லும் நெடுஞ்சாலை, தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் ஒரு பகுதியாகும். அத்திட்டத்தின் வடபுலப் பகுதியில் பொறியாளராக இருந்தவர் சத்தியேந்திர துபே. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்றவர். சாலைப் பணியில் நிகழ்ந்த முறைகேடுகளை விளக்கி அவர் 2002-ஆம் ஆண்டில் பிரதமர்க்குக் கடிதம் எழுதினார். தம் பெயரை மறைத்து வைக்குமாறும் வேண்டிக்கொண்டார். ஆனால், அக்கடிதம் அவர் பெயருடனேயே அலுவலகங்கள் பலவற்றிற்குச் சென்றது. 2003 நவம்பர் 27-ஆம் நாள் கயை நகரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். கொள்ளையே கொலைக்குக் காரணம் என்று புலனாய்வுத் துறை முடிவு செய்தது. நீதிமன்றம் 2010-இல் மூவரைத் தண்டித்தது. காரணம் எதுவாயினும், மறைத்து வைக்குமாறு வேண்டிய பெயர் மறைத்து வைக்கப்படவில்லை என்பது நாட்டு மக்களின் நெஞ்சைச் சுட்டது. முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்க 2004-இல் அரசு ஓர் ஏற்பாடு செய்தது. 2014-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமும் இயற்றியது. இயற்றப்பட்ட சட்டமோ நெடுங்காலம் நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமலே கிடந்தது.

இருபத்து நான்கு ஆண்டுகள் காத்த பெயர்

கொடுத்த சொல்லைக் காத்தமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டாகப் போபர்ஸ் செய்தியின் வரலாற்றைக் கூறலாம். 1986-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இந்திய அரசு, சுவீடன் நாட்டுப் போபர்ஸ் நிறுவனத்திடம் 410 பீரங்கிகள் வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. அதன் பொருட்டுக் கையூட்டு வழங்கப்பட்டது என்று 1987 ஏப்ரலில் சுவீடன் வானொலி அறிவித்தது. சென்னையிலிருந்து வெளிவரும் 'தி இந்து' நாளிதழுக்காக ஜெனீவா நகரிலிருந்து எழுதிவந்த சித்ரா சுப்பிரமணியம், அது பற்றிய ஆவணங்களைத் திரட்டினார். 1988-ஆம் ஆண்டு முதல் அவை அவ்விதழில் அடுத்தடுத்து வெளிவந்து நாட்டையே உலுக்கின.

அவ்வாவணங்களைத் தந்தவர் யார் என்று அறியப் பலரும் முயன்றனர். சித்ரா அப்பெயரை வெளியிட்டிலர். 2012-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் தந்தவர் தாமே முன்வந்து தம்மை வெளிப்படுத்திக்கொண்டார். அவர் ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம் என்பார். அவ்வழக்கை ஆராய்ந்த சுவீடன் காவல்துறை அதிகாரி. உரிய அரசுகள் உண்மையை முற்றக் கண்டறிய மாட்டா என்று கருதியே ஆவணங்களை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைத்ததாக அவர் கூறினார். ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் ஒரு பெயர் வெளிப்படாமல் காக்கப்பட்டது. அப்பெயரை வெளியிடும் உரிமை அவருக்கே உரியதன்றிச் செய்தியாளருக்கு உரியதன்று என்னும் நெறியும் இதனால் விளங்குகின்றது.

அதே வரலாறு மற்றொரு பாடத்தையும் தருகின்றது. திரைப்பட நடிகர் அமிதாப் பச்சனின் பெயரும் அந்நாளில் அவ்வழக்கோடு சேர்த்துப் பேசப்பட்டது. அவர்க்கு அதில் தொடர்பில்லை என்றும், அவர் பெயரைச் சேர்த்த செய்தி சுவீடன் இதழ் ஒன்றுக்கு வேண்டுமென்றே ஊட்டப்பட்டது என்றும் லிண்ட்ஸ்ட்ரோம் 2012-இல் உரைத்தார். பெயர் மறைத்துப் பேசுவோருள் உண்மை உரைப்பவரும் உளர். பிறர்க்குப் பழி தேடுபவரும் உளர். இவ்விரு திறத்தாரையும் பிரித்தறிவதே செய்தியாளரின் தலையாய கடமை.

சட்டம் யார்க்கு மௌனம் அளிக்கின்றது?

நீதிமன்றத்தில் சாட்சியாக நிற்பவர் கேட்ட வினாவிற்கு விடை கூறியே ஆகவேண்டும் என்பது பொது விதி. ஆயினும், 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் சிலர்க்கு விலக்கு அளித்தது. கணவனும் மனைவியும் தம்முள் பேசியவற்றை வெளியிடுமாறு கட்டாயப்படுத்தலாகாது. கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் கூறியதை, அவர் இசைவின்றி வழக்கறிஞர் வெளியிடலாகாது. குற்றம் பற்றிய துப்பு எங்கிருந்து கிடைத்தது என்று காவல்துறை அதிகாரியைக் கேட்டு வற்புறுத்தலும் ஆகாது. 2024 சூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமும் இவ்விலக்குகளை ஏற்றுக்கொண்டது.

இவற்றுள் இறுதியாகக் கூறிய விலக்கு உற்று நோக்கற்பாலது. துப்புக் கொடுப்பவர் பெயர் வெளிப்படுமாயின் இனி எவரும் துப்புக் கொடுக்க முன்வாரார். குற்றங்கள் மறைந்து போகும் என்பதே அதன் காரணம். செய்தியாளர்க்குச் செய்தி தருவோர் திறத்தும் இதே காரணம் பொருந்தும் அன்றோ? ஆனால், செய்தியாளர்க்கு அத்தகைய விலக்கைச் சாட்சியச் சட்டம் அளிக்கவில்லை.

1978-ஆம் ஆண்டின் பத்திரிகை மன்றச் சட்டம், தனது பதினைந்தாம் பிரிவில், செய்தியின் மூலத்தை வெளியிடுமாறு இதழையோ ஆசிரியரையோ செய்தியாளரையோ கட்டாயப்படுத்தலாகாது என்று கூறுகின்றது. அஃது இந்தியப் பத்திரிகை மன்றம் நடத்தும் விசாரணையைக் குறித்தே இயற்றப்பட்டது. நீதிமன்றங்களையும் காவல்துறையையும் அது நேரே கட்டுப்படுத்துவதில்லை. இக்குறையை உணர்ந்த இந்தியச் சட்ட ஆணையம், 1983-ஆம் ஆண்டில் தன் 93-ஆவது அறிக்கையில், இரகசியம் காக்கப்படும் என்ற உடன்பாட்டின்பேரில் பெற்ற செய்தியின் மூலத்திற்குப் பாதுகாப்பளிக்கும் புதிய பிரிவு ஒன்றைச் சாட்சியச் சட்டத்தில் சேர்க்குமாறு பரிந்துரைத்தது. நாற்பது ஆண்டுகள் கழித்துப் புதிய சாட்சியச் சட்டம் இயற்றப்பட்டபொழுதும் அப்பிரிவு இடம்பெறவில்லை. 2023 சனவரியில் தில்லி நீதிமன்றம் ஒன்று, புலனாய்வு செய்வோர்க்குச் செய்தி மூலத்தைக் கூறுவதினின்றும் செய்தியாளர்க்கு விலக்களிக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை என்று சுட்டிக்காட்டியது.

பிற நாடுகளின் வழி

சுவீடன் நாடு 1766-ஆம் ஆண்டிலேயே அச்சு உரிமைக்குச் சட்டம் இயற்றிய பெருமையுடையது. இதழ்களுக்குச் செய்தி தந்தவர் யார் என்று அரசு அதிகாரிகள் துருவி ஆராய்தலையே அந்நாட்டுச் சட்டம் தடுக்கின்றது. பெயரை மறைக்க வேண்டியவரின் பெயரைச் செய்தியாளர் வெளியிடுவாராயின், அவரே தண்டனைக்கு உரியவர். நாட்டுக்கு இரண்டகம் செய்தல் போன்ற சில கொடுங்குற்றங்களுக்கு மட்டும் அங்கே விலக்கு உண்டு.

இங்கிலாந்தில் 1989-ஆம் ஆண்டில் 'தி எஞ்சினீயர்' என்னும் தொழில்துறை இதழில் வில்லியம் குட்வின் என்ற இளைஞர் பயிற்சிச் செய்தியாளராக இருந்தார். ஒரு நிறுவனத்தின் பண நெருக்கடி பற்றி அவர்க்கு இரகசியச் செய்தி கிடைத்தது. நிறுவனத்தார் வழக்குத் தொடுத்தனர். செய்தி தந்தவரைக் காட்டுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. குட்வின் மறுத்தார், 5,000 பவுன் தண்டம் விதிக்கப்பட்டது. அவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் முறையிட்டார். செய்தி மூலத்தைக் காத்தல் பத்திரிகை உரிமையின் அடிப்படை நிபந்தனைகளுள் ஒன்று என்று அந்நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டில் தீர்ப்புரைத்தது.

அமெரிக்க நாட்டின் உச்ச நீதிமன்றமோ 1972-ஆம் ஆண்டில், பிரான்ஸ்பர்க் என்பாரின் வழக்கில், குற்ற விசாரணைக் குழுவின் முன் செய்தியாளர் சாட்சி கூற மறுத்தல் ஆகாது என்று ஐவர்க்கு நால்வர் என்ற கணக்கில் முடிவு செய்தது. மாறுபட்ட நீதிபதிகளுள் ஒருவராகிய பாட்டர் ஸ்டூவர்ட் மூன்று வினாக்களை எழுப்பினார். அச்செய்தி குற்றத்தோடு உண்மையில் தொடர்புடையதா? வேறு வழியில் அதனைப் பெற இயலாதா? அதனைப் பெறுதற்கு மிக வலிய பொதுநலக் காரணம் உண்டா? இம்மூன்றும் நிறுவப்பட்டாலன்றிச் செய்தியாளரை வற்புறுத்தலாகாது என்பது அவர் கொள்கை. தோற்ற தரப்பின் கருத்தாயினும், பிற்காலத்து நீதிமன்றங்கள் பல அதனைத் தழுவின.

மறுப்போர் கூற்று

இத்தகைய பாதுகாப்பை வேண்டா என்போர் கூறும் காரணங்களும் எளியவை அல்ல. முதலாவது, குற்றம் சாட்டப்பட்ட ஒருவரின் குற்றமின்மையை மெய்ப்பிக்கும் சான்று செய்தியாளரிடம் மட்டுமே இருக்கலாம். அவர் வாய் திறவாராயின் நிரபராதி சிறை புகுவார். இரண்டாவது, தீயோர் சிலர் இல்லாத ஒருவரைச் சொல்லிப் பொய்ச் செய்தி புனையலாம். மூன்றாவது, கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் செய்தி வெளியிடும் இக்காலத்தில், செய்தியாளர் என்பவர் யார் என்று வரையறுத்தல் அரிது.

இவற்றினும் வலியது நான்காவது காரணம். வெளிவந்த செய்தியே ஒருவர்க்குத் தீங்காகலாம். 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் கொடுமைக்கு உள்ளானார். அவ்வழக்கின் முதல் தகவல் அறிக்கை, அம்மாணவியை அடையாளம் காட்டும் செய்திகளோடு, இணையத்தில் பரவியது. துன்புற்றவரின் மறைவைக் காத்தல் அரசின் கடமை, அது காக்கப்படவில்லை. சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்து, மூன்று பெண் அதிகாரிகளைக் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு இடைக்கால இழப்பீடாக 25 இலட்சம் ரூபாய் வழங்குமாறும் ஆணையிட்டது. அறிக்கை வெளிப்பட்டவாறு ஆராயப்பட வேண்டியதே என்பதில் ஐயமில்லை.

அவ்வாராய்ச்சியின்போது செய்தியாளர் சிலர் அழைக்கப்பட்டனர். அவர்களுடைய கைப்பேசிகள் கைப்பற்றப்பட்டன. கைப்பேசி ஒன்றில் ஒரு செய்தி மட்டுமா இருக்கும்? பல ஆண்டுகளாகப் பேசிய பலருடைய பெயரும் எண்ணும் அதில் இருக்கும். ஒரு கசிவை ஆராயப் புகுந்தவர் கையில், அதனோடு சிறிதும் தொடர்பில்லாத நூறு பேரின் இரகசியமும் சென்று சேர்கின்றது. செய்தியாளர் உயர்நீதிமன்றத்தை நாடினர். கைப்பற்றிய கருவிகளைத் திருப்பித் தருமாறும், செய்தியாளரைத் துன்புறுத்தலாகாது என்றும் 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் ஆணையிட்டது. மாணவியின் மறைவும் காக்கப்பட வேண்டும். செய்தியாளரை நம்பியவரின் மறைவும் காக்கப்பட வேண்டும். இரண்டும் வலிமை குறைந்தவரைக் காக்கும் ஒரே அறத்தின் இரு கிளைகள்.

உச்ச நீதிமன்றத்தின் குரல்

2019 பிப்ரவரியில் ரஃபேல் போர் விமானங்கள் வாங்கியது குறித்த ஆவணங்களை 'தி இந்து' நாளிதழ் வெளியிட்டது. அவை பாதுகாப்பு அமைச்சகத்தினின்றும் திருடப்பட்டவை என்று அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் வாதிட்டார். செய்தியை எழுதிய என். ராம், அவற்றைத் தந்தவரை வெளிப்படுத்தப் போவதில்லை என்று அறிவித்தார். அவ்வாவணங்களை நீதிமன்றம் ஆராயலாகாது என்ற அரசின் தடையுரையை மூன்று நீதிபதிகளும் ஏப்ரல் 10-ஆம் நாள் ஒருமனதாகத் தள்ளினர். மறு ஆய்வு மனுக்கள் அவ்வாண்டு நவம்பரில் தள்ளப்பட்டன என்பதும் உடன் அறியத்தக்கது.

2021-ஆம் ஆண்டில், பெகாசஸ் என்னும் உளவு மென்பொருளால் செய்தியாளர் உள்ளிட்டோரின் கைப்பேசிகள் வேவு பார்க்கப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அக்டோபர் 27-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை ஆராயக் குழு அமைத்தது. செய்தி மூலத்தைக் காத்தல் பத்திரிகை உரிமையின் அடிப்படை நிபந்தனை என்றும், அப்பாதுகாப்பு இன்றேல் பொதுநலச் செய்திகளைத் தர மக்கள் அஞ்சுவர் என்றும் அப்பொழுது நீதிபதிகள் உரைத்தனர். ஆராயப்பட்ட 29 கைப்பேசிகளுள் ஐந்தில் தீய மென்பொருள் காணப்பட்டது என்றும், அது பெகாசஸ்தான் என்று உறுதி செய்ய இயலவில்லை என்றும் 2022-இல் தெரிவிக்கப்பட்டது.

நீதிமன்றங்களின் குரல் உயர்ந்ததே. ஆயினும், தீர்ப்பு என்பது துன்பம் நேர்ந்தபின் வருவது. சட்டம் என்பது துன்பம் நேரும் முன்னரே நிற்பது. நாளிதழின் ஆசிரியர் உச்ச நீதிமன்றம் வரை செல்ல வல்லவர். ஒரகடத்தில் செய்திக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் பகுதிநேர நிருபர் அவ்வாறு செல்ல வல்லரோ? அவர் கைப்பேசியை ஒரு நாள் வாங்கி வைத்துக்கொண்டாலே போதும். அவ்வட்டாரத்தில் அவரிடம் பேசுவார் இலராவர்.

வேண்டுவது யாது?

ஆகவே, எல்லையற்ற பாதுகாப்பும் வேண்டா. பாதுகாப்பே இல்லாத நிலையும் வேண்டா. செய்தியின் மூலம் பொதுவாகக் காக்கப்படும் என்று சட்டம் விதித்தல் வேண்டும். அதனை வெளியிடச் செய்தல் தேவையா என்பதைப் புலனாய்வு செய்வோர் தாமே முடிவு செய்யாமல், நீதிபதி ஒருவர் இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்தல் வேண்டும். வழக்கிற்கு அஃது இன்றியமையாதது என்பதும், வேறு வழி இல்லை என்பதும், வெளியிடுவதால் விளையும் நன்மை தீமையினும் பெரிது என்பதும் நிறுவப்படல் வேண்டும். நிரபராதியைக் காத்தற்கும், வரவிருக்கும் உயிர்க்கேட்டைத் தடுத்தற்கும் இவ்வாயில் திறந்திருக்கும். குற்றம் செய்வதற்காகவே வழக்கறிஞரிடம் பேசியதற்குச் சட்டம் மறைவு அளிப்பதில்லை. அது போன்ற எல்லை இதற்கும் அமையலாம். செய்தியாளர் யார் என்பதை அடையாள அட்டையைக் கொண்டு அளவிடாமல், பொதுமக்கள் அறியும்பொருட்டுச் செய்தி திரட்டி, ஆராய்ந்து, பொறுப்பேற்று வெளியிடும் செயலைக் கொண்டே அளவிடுதல் தகும்.

உரிமைக்கு ஏற்ற கடமையும் உண்டு. திருவள்ளுவர் ஒற்றாடல் என ஓர் அதிகாரமே வகுத்தார். ஓர் ஒற்றன் கூறியதை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்க என்பதும், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல் ஒத்திருப்பின் நம்புக என்பதும், ஒற்றனைப் பிறர் அறியச் சிறப்பித்தால் மறைபொருள் தானே வெளிப்பட்டுவிடும் என்பதும் அங்கே காணப்படும் கருத்துகள். அரசர்க்குக் கூறப்பட்ட இம்முறை இன்று செய்தியாளர்க்கும் பொருந்தும். கேட்டதை ஆராயாமல் வெளியிடுபவர் மறைவுரிமை கோரத் தகுதியுடையவர் ஆகார். ஆராய்ந்து வெளியிட்டபின், அச்சத்தாலோ ஆசையாலோ பெயரைக் காட்டிக்கொடுப்பவர் செய்தியாளர் என்னும் பெயருக்கே உரியவர் ஆகார்.

முடிவுரை

கிணற்றின் நீரை ஊரார் அனைவரும் பருகுகின்றனர். ஊற்றுக்கண்ணை எவரும் காண்பதில்லை. அதனைத் தோண்டிப் பார்க்க முற்பட்டால் நீர் கலங்கும். அதனை அடைத்துவிட்டால் கிணறே வறண்டுபோகும். நீர் தூயதா என்று ஆராயும் உரிமை ஊரார்க்கு உண்டு. அங்ஙனம் ஆராய்தற்கு ஊற்றை அழித்தல் வேண்டுவதில்லை. விடுதியின் தரையில் உறங்கிய பெண்கள் அறுவர் தம் பெயரை மறைத்து உண்மையை உரைத்தனர். அவர்களைப் போன்ற மற்றொருவர் நாளை வாய் திறப்பாரா, திறவாரா என்பது, அவர்க்குக் கொடுக்கப்படும் சொல்லைச் சட்டம் மதிக்குமா என்பதைப் பொறுத்தே அமையும்.

பயிற்சி

1. வதந்திக்கும் இரகசியமாகப் பெற்ற செய்திக்கும் உள்ள வேறுபாடுகள் யாவை?
2. போபர்ஸ் செய்தியின் வரலாறு உணர்த்தும் இரு பாடங்களை எழுதுக.
3. சாட்சியச் சட்டம் யார் யார்க்கு விலக்கு அளிக்கின்றது? அவற்றுள் எது செய்தியாளர் நிலையோடு ஒப்பிடத்தக்கது? ஏன்?
4. செய்தி மூலத்திற்குப் பாதுகாப்பு வேண்டா என்போர் கூறும் காரணங்களுள் வலிமை மிக்கது எது? உம் கருத்தைக் காரணத்துடன் விளக்குக.
5. ஒற்றாடல் அதிகாரத்தின் கருத்துகள் செய்தியாளர்க்கு எவ்வாறு பொருந்தும்?
6. "செய்தி தந்தவர் பெயரை நீதிமன்றம் கேட்டால் செய்தியாளர் கூறுதல் வேண்டும்" என்னும் பொருள் பற்றி வகுப்பில் இரு தரப்பாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.